புல்லைத் தொடாத நஞ்சு

“என்ட மகன் அந்தக் கொலையைச் செய்யல்ல மிஸ்,” என்றாள் அந்தப் பெண், கதிரையில் உட்காருவதற்கு முன்பே.

அன்ரோ கையிலிருந்த பிளேன்ரீக் கோப்பையை மேசையில் வைத்தான். காணாமற்போன ஆடு, காணாமற்போன மாப்பிள்ளை, யாரோ களவெடுத்த தண்ணீர் மோட்டார் என்று பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருந்தவனுக்குக் கடைசியில் ஒரு கொலை. கடவுள் கண் திறந்துவிட்டார்.

“செத்தது ஆரு?” என்று கேட்டான், குரலில் வேண்டிய அளவு துக்கத்தைக் கலந்து.

“தக்காளி,” என்றாள் அவள். “கத்தரி. பயித்தங்காய். எல்லாம்.”

அன்ரோ பிளேன்ரீயைத் திரும்பவும் எடுத்துக்கொண்டான்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த சர்மிலா சிரிக்கவில்லை. பயிர்க் காப்புறுதி வேலையில் பல வருடம் அழிந்த வயல்களுக்குள் நடந்து, எந்த வயலை வெள்ளம் தின்றது, எந்த வயலைச் சொந்தக்காரனின் பொய் தின்றது என்று பிரித்துச் சொன்னவள் அவள். அந்த வேலையை உதறிவிட்டுப் புளியந்தீவில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே அறை எடுத்து, ‘விசாரணைகள் செய்து தரப்படும்’ என்று பலகை மாட்டியிருந்தாள். ரேடியோ திருத்திக் கொடுப்பவர்கள்கூட இதைவிட எடுப்பாகப் பலகை மாட்டுவார்கள் என்பது அன்ரோவின் அபிப்பிராயம். அவன் அவளுடைய உதவியாள். அவனுடைய ஓட்டோதான் அலுவலகத்தின் ஒரே வாகனம். அவனுடைய வாய்தான் அலுவலகத்தின் ஒரே பொழுதுபோக்கு.

“ஆறுதலாச் சொல்லுங்க அக்கா,” என்றாள் சர்மிலா.

வந்தவளின் பெயர் அஞ்சலா. வீடு நாவற்குடாவில். ஒரே மகன் ஜூலியன். கொரியாவில் வேலை கிடைத்திருக்கிறது. எல்லாம் சரி, பொலிஸ் றிப்போட் மட்டும்தான் இன்னும் வர வேண்டும். இந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளை, தன் தோட்டத்துக்கு ஜூலியன்தான் நஞ்சடித்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

“சீதேவியக்காட தோட்டத்தைத் தெரியாத ஆள் நாவற்குடாவில இல்ல மிஸ். ‘நஞ்சுப் போத்தல் ஒண்டும் என்ட படலைக்குள்ள வராது’ எண்டுதான் அவ கதையத் தொடங்குறதே. எங்கட பகுதிப் பொம்புளையள் எல்லாரையும் சேர்த்து ஒரு சங்கம் வச்சிரிக்கிறா. அவட சொல்லக் கேட்டுத்தான் எல்லாரும் வீட்டில கிடந்த மருந்துப் போத்தல்களைத் தூக்கி எறிஞ்ச. ஞாயித்துக்கிழமை மகன் வேலிக்கரையில புல்லுக்கு மருந்தடிச்சதை ஆக்கள் கண்டிரிக்கிறாங்க. இந்தக் கிழமை அவட தோட்டம் சுருண்டு போச்சி.”

“பொலிசுக்குப் போயித்தாவா?”

“இல்ல மிஸ். இண்டைக்குப் பின்னேரம் சங்கம் கூடுது. பொழுது படுறதுக்குள்ள எல்லாருக்கும் முன்னால மகன் ‘நான்தான் செஞ்ச’ எண்டு சொல்லி மன்னிப்புக் கேக்கட்டாம். கேட்டா விட்டிருவாவாம். இல்லாட்டிப் பொலிஸாம். முறைப்பாடு ஒண்டு எழுதினா என்ட பிள்ளைக்கு றிப்போட் கிடைக்குமா?” அஞ்சலா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

“மன்னிப்புக் கேட்டா விடுறாவா? தங்கமான மனிசி,” என்றான் அன்ரோ.

“அந்தத் தங்கம்தான் எனக்கு இடிக்குது,” என்றாள் சர்மிலா எழும்பிக்கொண்டே. “தோட்டத்தை அழிச்சவன்ட பேர் தெரியும், கண்ட சாட்சி இரிக்கு. பின்ன என்னத்துக்குப் பொலிஸ் வேணாம்? ஓட்டோவ எடு.”

கல்லடிப் பாலத்தில் ஏறும்போது கச்சான் காற்று வாவிப் பக்கமிருந்து ஓட்டோவைத் தள்ளியது. மூன்று சில்லும் மூன்று பக்கம் போகப் பார்த்தன. பின் ஆசனத்தில் அஞ்சலா செபமாலையை உருட்டிக்கொண்டு வந்தாள். அது மகனுக்காகவா, இந்த ஓட்டோவில் ஏறியதற்காகவா என்று அன்ரோவால் நிச்சயிக்க முடியவில்லை.

ஜூலியன் பார்ப்பதற்கே குற்றவாளி மாதிரி இருந்தான். நெடுவல், முகத்தில் மூன்று நாள் தாடி, கண் நிலத்தைவிட்டு எழும்பவில்லை. கேட்ட கேள்விக்கு எச்சில் விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னான்.

“என்ன மருந்து அடிச்ச?”

“புல்லு சாகிற மருந்து அக்கா. எல்லாத்தையும் எரிக்கிறது. வேலிக்கரை பத்தையாக் கிடந்திச்சு. நான் போனாப் பிறகு அம்மா தனிய இருப்பா, பாம்பு பூச்சி வரும் எண்டுதான்.”

“மண்வெட்டியால செருக்க ஏலாதா?”

“ஏலும். கெதியா முடியட்டும் எண்டு…”

“கெதியா முடிக்கத்தான் எல்லாரும் போத்தலைத் திறக்கிற. எங்க அந்தப் போத்தல்?”

அவன் தாயைப் பார்த்தான். பிறகு அன்ரோவைப் பார்த்தான். “தாட்டுப்போட்டன்,” என்றான்.

“எண்டா?”

“கதை கிளம்பின உடனே கிணத்தடிக்கு அங்கால கிடங்கு வெட்டிப் புதைச்சிட்டன். பயமாப் போச்சி.”

அன்ரோ சர்மிலாவின் காதருகே குனிந்தான். “அக்கா, ஆயுதத்தைப் புதைச்சிரிக்கிறான். இனி ஒரு கறுப்புக் கண்ணாடிதான் பாக்கி. நாம காசைத் திருப்பிக் குடுத்திட்டுப் போவமா?”

சர்மிலா அவனை விலக்கிவிட்டுப் போனாள். வேலியை ஒட்டி நடந்தாள். ஜூலியனின் பக்கத்தில் வேலி நெடுக ஒரு பாய் அகலத்துக்குப் புல்லெல்லாம் தீய்ந்து மண்ணிறமாகக் கிடந்தது. அவன் பொய் சொல்லவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. வேலிக்கு அங்கால் சீதேவிப்பிள்ளையின் வளவு. அதற்கும் அங்கால் வாவி. அன்ரோ வேலியால் எட்டிப் பார்த்தான். அந்த நொடி கச்சான் ஒரு மூச்சு விட, அவனுடைய தொப்பி கழன்று பின்னால் பறந்து, அஞ்சலாவின் கோழிக் கூட்டுக்கு மேலே போய் உட்கார்ந்தது. கோழிகள் அதை ஒரு பருந்தாக எடுத்துக்கொண்டு கத்தின.

“ஞாயித்துக்கிழமையும் இப்பிடித்தான் காத்தா?” என்று சர்மிலா ஜூலியனைக் கேட்டாள்.

“ஓம். மருந்து திரும்பி என்ட மூஞ்சையிலதான் அடிச்ச. கண் எரிஞ்சிது.”

“காத்து அடிக்கிற நாளில மருந்தடிக்கப்படாது எண்டு போத்தல்லயே எழுதியிரிக்கும். வாசிச்சியா?”

“இல்ல.”

“உன்ன அதுக்கு ஒரு நாளைக்குத் தனியா ஏசிறன்,” என்றாள் அவள். “காத்து அங்கயிருந்து இங்க வருது. இவன் அடிச்ச மருந்து அங்க போறதெண்டா பஸ் ஏறித்தான் போகோணும். அன்ரோ, தொப்பிய எடுத்துத்து வா. அது நல்ல சாட்சி.”

சீதேவிப்பிள்ளை படலையைத் திறந்து மரியாதையாக வரவேற்றாள். ஐம்பதைக் கடந்த வயது, அகன்ற நெற்றி, அதில் திருநீறு, முழங்காலில் நோவு. பேசுகிறபோது எதிரே நாற்பது பேர் இருப்பதைப் போலப் பேசும் குரல். தான் யார் என்று சர்மிலா சொன்னதும் அந்தக் குரல் ஒரு படி இறங்கியது. ஆனாலும் “வந்து பாருங்க புள்ள, என்ட வயிறு எரியிறதப் பாருங்க,” என்று முன்னால் நடந்தாள்.

அந்த வளவைப் பார்த்ததும் அன்ரோவுக்கே கவலையாகப் போயிற்று. எவ்வளவு ஆசையாகச் செய்த தோட்டம்! பாத்திகளுக்கு வைக்கோல் மூடாக்கு. இடைக்கிடை செவ்வந்தி. வெள்ளை ஈக்குப் பொறியாக எண்ணெய் பூசிய மஞ்சள் தகடுகள். அவற்றுக்கு நடுவே தக்காளிச் செடிகளின் நுனி பாம்புபோல முறுகிக் கிடந்தது. கத்தரி இலைகள் கிண்ணம் கிண்ணமாகக் குவிந்திருந்தன. பயித்தங்கொடி பந்தலைப் பிடிக்கத் தெரியாமல் தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நின்றது. ஒரு மூலையில் பிடுங்கிய செடிகள் குவியலாகக் கிடந்தன, எரிப்பதற்கு.

“பின்னேரம் ஆக்கள் பார்க்க வரப்போறாங்க, அதுக்கிடையில எரிக்கப் போறீங்களா?” என்றாள் சர்மிலா.

“பாக்க ஏலாம இரிக்கு புள்ள.”

சர்மிலா செத்தவற்றை விட்டுவிட்டுச் சாகாதவற்றைத் தேடத் தொடங்கினாள். அது அவளுடைய வழக்கம். குனிந்தாள், எழும்பினாள், பாத்திக்குப் பாத்தி தாவினாள். அன்ரோவும் பின்னால் தாவினான், வைக்கோலில் சறுக்கினான்.

“என்ன உசிரோட இரிக்கு, சொல்லு பாப்பம்.”

அன்ரோ பார்த்தான். “சோளன் நிக்குது. இஞ்சிப்புல்லு நிக்குது. வரம்பில அறுகு கொழுத்துப் போய் நிக்குது. நல்ல நியாயம் அக்கா! ஊரில மரியாதையான ஆக்களெல்லாம் செத்துப்போக, சந்தியில நிக்கிற சண்டியன்மார் மட்டும் உசிரோட இரிக்கானுகள்.”

“ஜூலியன் அடிச்ச மருந்து முதல்ல எதைக் கொல்லும்?”

“புல்லை.” சொல்லி முடித்த பிறகுதான் அன்ரோவுக்குத் தான் சொன்னது விளங்கியது. அவன் குனிந்து அறுகைத் தொட்டுப் பார்த்தான். ஈரமும் பச்சையுமாக இருந்தது.

“இஞ்ச வந்தவன் வேற ஆள்,” என்றாள் சர்மிலா தாழ்ந்த குரலில். “புல்லைத் தொடாத நஞ்சு. அகண்ட இலைய மட்டும் பாத்துப் பாத்துக் கொல்லுறது. அப்பிடி ஒரு நஞ்சு ஆருக்குத் தேவை? புல்லு வம்சத்தில ஒண்டை வளர்த்துக்கொண்டு, நடுவில முளைக்கிற மற்றக் களையச் சாகடிக்க வேணும் எண்டு நினைக்கிற ஆளுக்கு.”

“புல்லு வம்சத்தில எதை வளர்க்கிற?”

“நீ மூண்டு நேரமும் தின்னுறதை.”

நெல்! அன்ரோ சுற்றுமுற்றும் பார்த்தான். இங்கே வாவியும் தென்னையும்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வயல் இல்லை. அந்த நேரம் பார்த்து வீட்டுக்குப் பின்னாலிருந்து சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் வந்தார். வாய் நிறைய வெற்றிலை, கால் நிறையக் காய்ந்த சேறு.

“என்ட அவர், நல்லரத்தினம்,” என்றாள் சீதேவிப்பிள்ளை. “வாவிக்கு அங்கால படுவான்கரையில வட்டை செய்யிறவர். வயல்ல இரிந்து இப்பதான் வந்த.”

அன்ரோவின் மூக்கு விடைத்தது. வயல்காரன். வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்.

நல்லரத்தினம் பேச்சுக்குக் காசு கேட்காத மனிதர். “நான் இந்தத் தோட்டத்துக்குள்ள காலும் வைக்கிறல்ல தம்பி. வைக்க விட்டாத்தானே! என்ட மருந்து மெசினைத் தோட்டத்துக்குக் கிட்டக் கொண்டு வந்தாலே வீடு தீட்டு எண்டுவா. ‘நெல்லுக்கு அடிச்சித்து வாற கையோட என்ட கத்தரியத் தொடாதீங்க’ எண்டுவா. நான் என்ன, கத்தரிக்கு முறை மாப்பிள்ளையா?” என்று சொல்லி அவரே சிரித்தார். சீதேவிப்பிள்ளை சிரிக்கவில்லை.

“மெசின் எங்க இரிக்கு?”

“அந்தா, கொட்டிலுக்குள்ள.”

ஓலைக் கொட்டிலில் முதுகில் மாட்டுகிற நீல நிறத் தெளிகருவி ஆணியில் தொங்கியது. அதன் கீழே, பக்கவாட்டில் சரிந்து, சின்னப் பச்சை நிறக் கருவியொன்று. பம்ப் பண்ணுகிற கைபிடி முறிந்திருந்தது. பச்சை சீதேவிப்பிள்ளையுடையது என்று கேட்காமலே தெரிந்தது. சர்மிலா நீலத்தை மோந்து பார்த்தாள். சவர்க்காரத் தூள் மணத்தது.

“வயல் மெசினுக்கு என்ன இந்தக் கலியாண வாசம்?” என்று அன்ரோ முணுமுணுத்தான். அவனுடைய மனதில் வழக்கு முடிந்துவிட்டது. மனிசி தோட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். மனிசனுக்கு உள்ளுக்குள் எரிச்சல். ஒரு நாள் மெசினைத் தூக்கினான், அடித்தான், கழுவினான், சிரித்தான். அதிகம் சிரிக்கிறவனை நம்பாதே என்று அன்ரோவின் மாமா அடிக்கடி சொல்லுவார். மாமா கம்பி எண்ணிய ஆள், அவருக்குத் தெரியும்.

சர்மிலா திரும்பவும் சீதேவிப்பிள்ளையிடம் போனாள். “நீங்க பூச்சிக்கு என்ன அடிக்கிறீங்க அக்கா?”

குரலுக்குப் பழைய பலம் வந்தது. “வேப்பங்கொட்டைய இடிச்சி, உள்ளியும் சேத்து ராவைக்கு ஊறப் போடுறது. விடிய வடிச்செடுத்து, இலையில ஒட்டுறதுக்குச் சவர்க்காரம் கொஞ்சம். அஸ்வெனி, வெள்ளை ஈ ஒண்டும் கிட்ட வராது. சாம்பல் தூவினா மற்றதுகளும் போயிரும். களைக்குக் கையும் கைக்கொத்தும். இதுக்குமேல ஒரு தோட்டத்துக்கு என்ன வேணும்?”

“இப்பவும் அடிக்கிறீங்களா?”

“ஓம். குசினியோரம் சட்டியில நிக்கிற மிளகாய்க்கு.” சாளரக் கண்ணாடி துடைக்கிற தண்ணீர் அடைத்து வரும் சின்னப் போத்தல் ஒன்றைக் காட்டினாள். அதில் கடையில் ஒட்டிய கடதாசி இன்னும் உரியாமல் இருந்தது.

“இந்தச் சின்னப் போத்தலாலயா? முழங்கால் நோவோட குந்திக் குந்தி?”

“பழகிப்போச்சி.”

“கடைசியா ஒண்டு. ஜூலியன்ட வேலியோட ஒட்டினாப்போல ஒரு தக்காளிப் பாத்தி இரிக்கு. அது ஒண்டும் ஆகாம நிக்குது. நஞ்சு வேலியால வந்திருந்தா முதல்ல அதுதானே செத்திரிக்கோணும்?”

சீதேவிப்பிள்ளை பார்வையை வேலிப் பக்கம் திருப்பினாள். நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்தது. கணவரைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் தவிக்கிறாள் என்று அன்ரோ நினைத்தான், பாவமாக இருந்தது.

“சரி,” என்று சர்மிலா கையைத் தட்டினாள். “அண்ணன், உங்கட மெசினை எடுங்க. எங்களுக்கு முன்னால கிணத்துத் தண்ணியில கழுவுங்க. சுத்தமான தண்ணி நிரப்பி, அந்த உசிரோட இரிக்கிற தக்காளிக்கு அடியுங்க. வெறும் தண்ணிதான்.”

அன்ரோவுக்கு உடனே விளங்கியது. என்ன மூளை! மெசினுக்குள் நஞ்சு இருக்கிறதென்று தெரிந்தவன் கை நடுங்கும். நல்ல செடிக்கு அடிக்க மாட்டான், சாட்டுச் சொல்லுவான். அவன் மெதுவாகப் பின்வாங்கிப் படலையை மறித்துக்கொண்டு நின்றான், நல்லரத்தினம் ஓடினால் பிடிப்பதற்கு. அவர் ஓடினால் பிடிக்க முடியுமா என்பது வேறு கதை.

நல்லரத்தினம் ஓடவில்லை. “இதென்ன வேடிக்கை,” என்றபடி மெசினைக் கழுவினார், ஆட்டினார், ஊற்றினார். தண்ணீர் கண்ணாடிபோல வந்தது. நிரப்பினார், முதுகில் ஏற்றினார். விசிலடித்துக்கொண்டே வேலிப் பாத்தியை நோக்கி நடந்தார். கை நடுங்கவில்லை. கைபிடியை இரண்டு தரம் அமுக்கினார், குழாயை நீட்டினார்.

“அடிக்காதீங்க!”

சீதேவிப்பிள்ளை நோவெல்லாம் மறந்து பாய்ந்து வந்து தக்காளிகளுக்கு முன்னால் நின்றாள். இரண்டு கையையும் விரித்திருந்தாள். பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கே விளங்கியது போலும். கைகள் மெல்ல மெல்ல இறங்கின.

அன்ரோ படலையை விட்டு வந்தான். மறிக்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு இவ்வளவு நேரமும் மறிக்கத் தேவையில்லாத ஆளை மறித்திருந்தான்.

“வெறும் தண்ணிதானே அக்கா,” என்றாள் சர்மிலா. “பயம் என்னத்துக்கு?”

“கொள்ளிவாய் மெசின் அது,” என்று சீதேவிப்பிள்ளை சொன்னாள். “எத்தின தரம் கழுவினாலும் போகாது.”

“அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

நல்லரத்தினம் வெற்றிலையை விழுங்கிவிட்டார். “என்ட மெசினை எடுத்தியா? நீயா? என்னைப் படலைக்கு வெளிய வச்சிக் கால் கழுவ விடுற நீயா?”

அவள் பாத்தி வரம்பில் உட்கார்ந்தாள். “பச்சை முறிஞ்சி போச்சி. வெள்ளை ஈ கூடிப்போச்சி. சங்கத்து ஆக்கள் பாக்க வாற நேரத்தில இப்பிடி இரிந்தா என்ன நினைப்பாளுகள்? நீங்க வயல்ல. நீலத்தை எடுத்துக் கழுவினன். தண்ணி தெளிவா வரும் மட்டும் கழுவினன். வேப்பங்கொட்டைத் தண்ணிய ஊத்தி அடிச்சன்.”

“நெல் களை மருந்து குழாய் ரப்பருக்குள்ள ஊறிக் கிடக்கும் அக்கா. கண்ணுக்குத் தெளிவு, தக்காளிக்கு நஞ்சு. அந்த மருந்துக்குத் தக்காளி எண்டா அவ்வளவு பிடிக்கும். களைக்கு ஒரு மெசின், பயிருக்கு வேற மெசின் எண்டு வச்சிருக்கோணும். இந்தப் பாத்திக்கு வரேக்க தண்ணி முடிஞ்சிட்டு. அதால இது தப்பிச்சிது. சரியா?”

“சரி. அதைப் பாத்துத்தான் எனக்கே விளங்கின. ஆனா அதுக்கு முதல், இலை சுருளத் தொடங்கின உடனே, ஜூலியன்தான் எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். சத்தியமா அப்ப அவன் எண்டுதான் நினைச்ச.”

“விளங்கின பிறகு?”

சீதேவிப்பிள்ளை நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தது; ஆனால் குரலில் வீம்பும் இருந்தது. “விளங்கின பிறகு என்னத்தைச் சொல்ல? வேப்பங்கொட்டை அடிச்சித் தோட்டம் செத்துது எண்டு கதை போனா, நாளைக்கே அத்தினை பேரும் பழையபடி நஞ்சுப் போத்தலுக்குப் போயிருவாளுகள். எத்தினை வருசம் மன்றாடி நிப்பாட்டின தெரியுமா? பிள்ளையள் தின்னுற மரக்கறி புள்ள! அவன் ஒரு மன்னிப்புக் கேட்டிட்டுக் கொரியாவுக்குப் போயிருவான், எல்லாம் மறந்திரும் எண்டு நினைச்சன். பொலிசுக்கு நான் போயிரிக்க மாட்டன்.”

“அதுதான் முதல்லயே எனக்கு இடிச்ச. பொலிஸ் வந்தா விசாரிக்கும். மன்னிப்பு எண்டா விசாரணை இல்ல.” சர்மிலா அவளுக்குப் பக்கத்தில் குந்தினாள். “உங்கட காரியம் நல்ல காரியம்தான் அக்கா. ஆனா அதுக்கு ஒரு பொடியன்ட பேரை வெட்டி உரமாப் போட்டிட்டீங்க. இன்னும் கொஞ்சத்தில எல்லாரும் வருவாங்க. நீங்க சொல்லுறீங்களா, நான் சொல்லவா?”

அன்ரோவுக்கு ஆத்திரப்பட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆனால் அந்த மனிசி செத்த கத்தரிச் செடியொன்றைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்க்க ஆத்திரம் வரவில்லை. அது வராததே அவனுக்கு ஆத்திரமாக இருந்தது.

பின்னேரம் பெண்கள் வந்தார்கள். அஞ்சலாவும் ஜூலியனும் படலைக்கு உள்ளே வராமல் வேலியோரத்தில் நின்றார்கள். சீதேவிப்பிள்ளை எழும்பிக் குரலைச் செருமி, வாயைத் திறந்த நேரத்தில், கடைசியாக ஒருத்தி மூச்சு வாங்க ஓடி வந்தாள். சங்கத்தின் இளையவள், கம்சாயினி.

“அக்கா, உங்களுக்கு மட்டும் இல்ல!” என்றாள் அவள். “என்ட தக்காளியும் அப்பிடியே சுருண்டு போச்சி! இவன் எங்கட வளவுக்கும் வந்திரிக்கான். நீங்க பாவம் பாத்து விடலாம், நான் விட மாட்டன். இப்ப பொலிசில இவன்ட பேரைச் சொல்லி முறைப்பாடு குடுத்திட்டுத்தான் நேரா இஞ்ச வாறன்.”

அஞ்சலா வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஜூலியன் அசையவில்லை.

சர்மிலா கண்ணை மூடித் திறந்தாள். “கம்சாயினி, உங்கட தோட்டத்துக்கு எதால மருந்தடிச்சீங்க?”

“நஞ்சு இல்ல மிஸ், வேப்பங்கொட்டைத் தண்ணிதான். எனக்கு மெசின் இல்ல. சீதேவியக்காட தோட்டம் சுருளுறதுக்கு முதல் நாள் அவட நீல மெசினை இரவல் வாங்கித்துப் போய் அடிச்சன்.”

இரவல். நாவற்குடாவில் இரவல் வாங்கக்கூடிய எதையும் ஒருவரும் காசு கொடுத்து வாங்குவதில்லை; அதை யோசிக்க மறந்ததற்காகச் சர்மிலா தன்னைத்தானே ஏசிக்கொண்டது அன்ரோவுக்குக் கேட்டது. ஏதாவது பகிடி சொல்ல வேண்டிய இடம். அவன் வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை.

சீதேவிப்பிள்ளை கூட்டத்தைப் பார்த்தாள். “ஜூலியன் இல்ல,” என்றாள். “நான். வயல் மெசினால அடிச்சது நான். அதை இவளுக்கு இரவல் குடுத்ததும் நான். தெரிஞ்சுகொண்டு வாயை மூடித்து இருந்ததும் நான்தான். வேம்பில பிழை இல்ல. பிழை என்னில.”

யாரோ “ஐயோ” என்று மெதுவாகச் சொன்னார்கள். சீதேவிப்பிள்ளை அதற்காகக் காத்துக்கொண்டு நிற்கவில்லை. கணவரின் காலடியில் இருந்த நீல மெசினைத் தூக்கித் தன் தோளில் போட்டாள். தண்ணீர் நிறைந்த மெசின் அவளை ஒரு பக்கம் சாய்த்தது.

“பொலிசில எழுதினதை அவங்க இன்னும் மேல அனுப்பியிருக்க மாட்டாங்க,” என்றாள் சர்மிலா அவசரமாக. “ரெண்டு பேரும் போய் நேரில உள்ளதைச் சொன்னா முறைப்பாடு நிக்காது.”

“வா கம்சாயினி,” என்றாள் சீதேவிப்பிள்ளை. “மனே, ஓட்டோவ எடு. பொலிசுக்கு.”

அன்ரோ ஓடிப்போய் ஸ்டார்ட் பண்ணினான். முதலில் கம்சாயினி ஏறினாள், அழுதுகொண்டே. பிறகு சீதேவிப்பிள்ளை, மடியில் மெசினோடு. சர்மிலா முன்னால் தொத்திக்கொண்டாள். ஓட்டோ கிளம்பும் நேரத்தில் அஞ்சலா வேலியை விட்டு வந்து வழியை மறித்தாள். சீதேவிப்பிள்ளை அவளுடைய முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்தாள்.

அஞ்சலா ஏசவில்லை. ஒரு காலை உள்ளே வைத்து, அவளுடைய மடியிலிருந்த மெசினின் பாதிப் பாரத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

“தள்ளி இருங்க,” என்றாள். “நானும் வாறன்.”